புரூசெல்ஸ் கோசு திரளவில்லையா? யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்

கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் விவசாயி ஒருவர் வீட்டுத் தேவைக்காகக் கொல்லைப்புறத்தில் நாற்பது புரூசெல்ஸ் கோசுச் செடிகளை வைத்திருந்தார். ஜூன் மாத முதல் வாரத்தில் நட்ட நாற்று. ஆகஸ்டு நடுவில் நான் போய்ப் பார்த்தபோது பாதிச் செடிகள் ஒரு சாண் உயரத்தைக்கூடத் தாண்டவில்லை. அடியிலைகள் மஞ்சளாகவும் ஓரங்கள் ஊதாவாகவும் இருந்தன. மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்திருந்தது. மண்ணில் ஈரம் இருந்தும் மதிய நேரத்தில் இலைகள் துவண்டு தொங்கின. மாலையில் மறுபடியும் நிமிர்ந்து விடுகின்றன என்றார்.

"யூரியா இரண்டு தடவை போட்டாகிவிட்டது, சார். மூன்றாவது தடவையும் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கத்தான் வரச் சொன்னேன்."

ஒரு செடியைப் பிடுங்கிப் பார்ப்போம் என்றேன். அவருக்கு மனம் வரவில்லை. வளர்த்த செடியைப் பிடுங்க யாருக்குத்தான் மனம் வரும்? கடைசியில் ஓரத்தில் இருந்த மிகவும் நோஞ்சான் செடியைக் காட்டினார். மண்வெட்டியால் சுற்றித் தோண்டி எடுத்தோம். வேர் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சிக் கிழங்கு போல வீங்கிப் புடைத்த கட்டிகள் இருந்தன. சல்லி வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. யூரியாவை உறிஞ்ச அந்தச் செடிக்கு வாயே இல்லை.

நாற்பது செடி போனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அதே நாற்றங்காலில் எஞ்சிய நாற்றுகளை அவர் மூன்று அண்டை வீட்டாருக்குக் கொடுத்திருந்தார். வீட்டுக்குக் கீழே உருளைக்கிழங்கு எடுத்த ஒரு ஏக்கரில் முட்டைக்கோசு நடுவதற்கான நாற்றும் அதே பாத்தியில்தான் வளர்ந்து நின்றது. அந்த ஒரு ஏக்கர்தான் குடும்பத்தின் வருமானம்.

புரூசெல்ஸ் கோசு சரியாக வளரவில்லை என்று சொல்வதற்குப் பல காரணங்கள் உண்டு. சில காரணங்கள் அற்பமானவை, ஒரு கூடை சுண்ணாம்பில் தீர்ந்து போகும். ஒன்று மட்டும் நிலத்தையே பல வருஷங்களுக்குப் பிடித்துக் கொள்ளும். எது எது என்று பிரித்தறிவதற்கு வேரைப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை.

முதலில், செடி உண்மையிலேயே பின்தங்கியிருக்கிறதா?

களைக்கோசு என்றும் எழுதப்படும் இந்தப் பயிர், பெல்ஜியம் நாட்டுத் தலைநகரான புரூசெல்ஸின் பெயரைத் தாங்கி வந்தது. முட்டைக்கோசின் உடன்பிறப்பு. முட்டைக்கோசு உச்சியில் ஒரே தலையாகத் திரளும். இதுவோ நெட்டையாக வளர்ந்து, தண்டில் ஒவ்வொரு இலைக்காம்பின் கக்கத்திலும் எலுமிச்சம்பழ அளவில் ஒரு குட்டிக்கோசு வைக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மற்ற இங்கிலீஷ் காய்கறிகளோடு இதையும் சிறிய அளவில் பயிரிடுகிறார்கள்.

முட்டைக்கோசு பழகிய கண்ணுக்கு இந்தப் பயிர் மிகவும் மந்தமாகத் தோன்றும். விதைத்ததிலிருந்து நாற்றுக்கு 35 முதல் 40 நாள் ஆகும். நட்ட பிறகு முதல் காய் பறிக்க மூன்று முதல் நான்கு மாதம் வேண்டும். நம் நாட்டில் நெடுங்காலமாகப் பயிரிடப்படும் ஹில்ட்ஸ் ஐடியல் இரகத்துக்கு ஏறக்குறைய 115 நாள். ஜேட் கிராஸ் போன்ற கலப்பின இரகங்கள் இதைவிடக் கொஞ்சம் முந்தும். ஆகையால் 60-ஆம் நாளில் காயைக் காணோமே என்று கவலைப்பட வேண்டாம். அந்த வயதில் தண்டு கட்டை விரலைவிடத் தடிப்பாக, இலைகள் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில் விறைப்பாக நின்றால் போதும். தண்டு பென்சில் பருமனில் நின்றுவிட்டாலோ, புது இலைகள் பழைய இலைகளைவிடச் சிறியனவாக வந்தாலோதான் ஏதோ கோளாறு என்று கொள்ள வேண்டும்.

காலமும் இடமும் பொருந்தியிருக்கின்றனவா என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள். காய் திரளும் சமயத்தில் 15 முதல் 18 டிகிரி வெப்பம் இருந்தால் கெட்டியான காய் கிடைக்கும். 25 டிகிரியைத் தொட்டுவிட்டால் காய் இறுகாமல் இதழ் இதழாக விரிந்து போகும். 7,300 அடிக்கு மேலுள்ள உதகையில் இது பெரிய பிரச்னை அல்ல. 6,000 அடியை ஒட்டிய குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில், நீர்போகத்தில் நட்டு ஏப்ரல், மே மாதங்களில் காய்க்க விட்டால் விரிந்த காய்தான் வரும். மே மாதத்தில் விதைத்து ஜூன் கடைசி, ஜூலையில் நட்டால், குட்டிக்கோசுகள் அக்டோபரிலிருந்து குளிரில் திரளும். இலேசான உறைபனியை இப்பயிர் தாங்கும். பனி பட்ட காய்க்கு இனிப்பும் கொஞ்சம் கூடும். கூடலூர் போன்ற தாழ்வான இடங்களில் இதற்காக உழைப்பதைவிட வேறு காய்கறி வைப்பதே மேல்.

பிடுங்கிப் பார்க்கும் முறை

செடியை வெறும் கையால் இழுக்காதீர்கள். சல்லி வேர்கள் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும், பார்க்க வேண்டியது அவற்றைத்தான். ஒரு அடி சுற்றளவில் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மிகவும் மோசமான செடி ஒன்று, நடுத்தரமான செடி ஒன்று என இரண்டு எடுத்தால் நிச்சயம் தெரிந்துவிடும். மோசமான செடியை மட்டும் பார்ப்பவர்கள் அதற்கு நேர்ந்த தனிப்பட்ட விபத்தை நிலத்தின் நோய் என்று எண்ணிவிடுவதுண்டு.

ஆணிவேர் கொக்கி போல மேல்நோக்கி மடங்கியிருந்தால், நடும்போது குழி ஆழம் போதாமல் நாற்று மடங்கிப் போயிற்று என்று பொருள். வயது முற்றிய நாற்றை நட்டாலும் இப்படித்தான் செடி முடங்கும். 4 முதல் 6 இலை வந்தவுடன் நட்டுவிட வேண்டும், பாத்தியில் இரண்டு மாதம் கிடந்த நாற்று பிறகு தேறுவது அரிது.

வேர் கடித்துக் குதறப்பட்டு, மண்ணில் சுருண்டு படுத்திருக்கும் வெண்புழு கிடைத்தால் காரணம் அதுதான். அரைகுறையாக மக்கிய சாணக் குப்பையைப் போட்ட பாத்திகளில் இது அதிகம்.

வேரில் கட்டி இருந்தால் எல்லாமே ஒரே நோய் அல்ல. மணிகோத்தாற்போல மெல்லிய வேர்களில் மிளகு அளவில் சிறு முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. பீன்ஸ், பட்டாணி வேரில் காணும் சிறு உருண்டைகளோ நோயே அல்ல. அவை காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பவை, உரசினால் உதிர்ந்துவிடும். அவற்றைப் பார்த்துப் பயந்து நல்ல பீன்ஸ் செடியைப் பிடுங்கி எறிந்தவரையும் நான் பார்த்திருக்கிறேன். கோசுச் செடியில் வேரே தடித்து, கதிர் போலவும் இஞ்சி போலவும் பெரிதாக வீங்கி, நாளடைவில் அழுகி நாற்றம் அடித்தால் அதுதான் வேர்வீக்க நோய். கிளப் ரூட் என்று தோட்டக்கலைத் துறையினர் குறிப்பிடுவது இதையே.

நிலத்தைப் பிடிக்கும் நோய்

இந்த நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1878-ஆம் ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி வொரோனின் விவரித்து எழுதினார். வெகுகாலம் அதைப் பூசணம் என்றே எண்ணியிருந்தார்கள். இப்போது அது பூசண இனத்தைச் சேர்ந்ததல்ல என்று தெரிந்திருக்கிறது. அதனால்தான் கடையில் கிடைக்கும் சாதாரணப் பூசணக்கொல்லிகள் இதனிடம் பெரிதாகப் பலிப்பதில்லை.

வீங்கிய வேர் அழுகும்போது அதிலிருந்து கோடிக்கணக்கான வித்துகள் மண்ணில் கலக்கின்றன. அவற்றில் பெரும் பகுதி முதல் சில வருஷங்களில் மடிந்துவிடும். எஞ்சியவை 15, 20 வருஷங்கள்கூட உறங்கிக் கிடக்கும். பக்கத்தில் கோசு இனத்தின் வேர் வந்ததும் விழித்துக்கொண்டு, மண்ணிலுள்ள நீரில் நீந்திப் போய் வேர்த்தூவிகளில் புகுந்துகொள்ளும். நீந்துவதற்கு நீர் வேண்டும், ஆகவே தண்ணீர் தேங்கும் பாத்தியில் நோய் கடுமை. புளித்த மண் அதற்குப் பிடித்தமானது. மலை மண்ணோ இயல்பிலேயே புளிப்பு. நீலகிரித் தோட்டங்களில் பி.எச். அளவு ஐந்தை ஒட்டி இருப்பது சாதாரணம்.

இது காற்றில் பறந்து வரும் நோய் அல்ல. நாமேதான் கொண்டு வருகிறோம். நாற்றின் வேர்மண்ணில் வரும். மண்வெட்டியில், முள்கொத்தில், செருப்பில், டிராக்டர் சக்கரத்தில் வரும். மேல் பாத்தியிலிருந்து வழியும் மழை நீரில் கீழ் வயலுக்கு இறங்கும். நோய் கண்ட வேர்களை மாட்டுக்குப் போட்டால், மாட்டின் வயிற்றில் வித்துகள் சாவதில்லை. சாணத்தின் வழியாக எருக்குழிக்குப் போய், அங்கிருந்து நிலம் முழுவதும் பரவும். "கோசு இலை, தண்டு எல்லாம் மாட்டுக்குத்தான் போடுகிறோம்" என்பார்கள். இலையைப் போடலாம். வேரை மட்டும் ஒருபோதும் போடக்கூடாது.

நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது நல்லது. இலேசாகத் தாக்கப்பட்ட செடிகளுக்குத் தண்டைச் சுற்றி நல்ல மண்ணும் மக்கிய எருவும் கலந்து உயரமாக அணைத்தால், தண்டிலிருந்து புது வேர்கள் விட்டு ஓரளவு காய் தரும். கடுமையாகத் தாக்கப்பட்டவற்றை வேர் அறுபடாமல் மண்ணோடு தோண்டி எடுத்து, அதே இடத்தில் உலர்த்திக் கொளுத்திவிட வேண்டும். எருக்குழிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

மண்ணைச் சோதிக்க ஒரு செலவில்லாத வழி

வயலில் நோய் வித்து இருக்கிறதா என்பதை நடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும். வயலின் நான்கைந்து பகுதிகளிலிருந்து, முக்கியமாக நீர் தேங்கும் பள்ளம், பாதை ஓரம், மேல் பாத்தித் தண்ணீர் இறங்கும் வாய் ஆகிய இடங்களிலிருந்து, தனித்தனியே மண் எடுத்துப் பழைய டப்பாக்களில் நிரப்புங்கள். எது எந்த இடத்து மண் என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை கடுகு விதைத்து, ஈரம் காயாமல் வெதுவெதுப்பான இடத்தில் ஆறு வாரம் வையுங்கள். பிறகு பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். கடுகும் கோசு இனம்தான், வித்து இருந்தால் அதன் வேர் வீங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். சமையலறைக் கடுகே போதும். வீக்கம் தெரிந்த டப்பாவின் மண்ணை மட்டும் எடுத்த இடத்திலேயே கொட்டுங்கள், வேறு பாத்தியில் வீசாதீர்கள்.

சுண்ணாம்பும் பயிர் மாற்றமும்

நோய் தெரிந்த நிலத்தில் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, மண்ணின் புளிப்பைப் போக்குவது. பி.எச். 7.2-க்கு மேல் போனால் நோய் வெகுவாக அடங்கும். எவ்வளவு சுண்ணாம்பு என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்வதற்கில்லை. மண்ணுக்கு மண் மாறும். வயலில் எட்டுப் பத்து இடங்களில் வி வடிவில் அரை அடிக் குழி எடுத்து, பக்கவாட்டில் சுரண்டிய மண்ணை ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ அனுப்பினால், மண் பரிசோதனை நிலையத்தில் சுண்ணாம்புத் தேவையைக் கணக்கிட்டுச் சொல்வார்கள். பொதுவாக ஏக்கருக்கு ஒரு டன், அதாவது சென்ட்டுக்குப் பத்துக் கிலோ, சாதாரணப் புளிப்பைக் கொஞ்சம் தணிக்கும் அளவுதான். நோயை அடக்க அது போதாது, அதைவிடப் பல மடங்கு தேவைப்படலாம். ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்று போகங்களில் பிரித்துப் போடுவதே உசிதம்.

நடுவதற்கு ஆறு வாரம் முன்பே போட வேண்டும். நன்றாகத் தூளாக இருக்க வேண்டும். மண்ணில் சீராகக் கலக்க வேண்டும். கட்டி கட்டியாகப் போட்டால் நடுவில் சுண்ணாம்பு படாத புளித்த மண் திட்டுத் திட்டாக நிற்கும், நோய் அங்கே தங்கிக்கொள்ளும். சுண்ணாம்பையும் சாண எருவையும் ஒரே நாளில் கலந்து போடாதீர்கள், எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். யூரியாவும் அப்படியே.

இரண்டாவது, பயிர் மாற்றம். முட்டைக்கோசு எடுத்துவிட்டுக் காலிபிளவர் வைப்பது பயிர் மாற்றம் அல்ல. முட்டைக்கோசு, காலிபிளவர், புரோக்கோலி, நூல்கோல், டர்னிப், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், பீன்ஸ், பட்டாணி, பூண்டு ஆகியவை வேறு குடும்பம், இவற்றை இந்நோய் பாதிக்காது. குறைந்தது மூன்று வருஷம், முடிந்தால் ஐந்து வருஷம், கோசு இனத்தையே அந்த நிலத்தில் வைக்காமல் இருக்க வேண்டும். களைகளிலும் கடுகு இனம் உண்டு. சிலுவை போல நான்கு இதழில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பூக்கும் களைகளை விட்டுவைத்தால் பயிர் மாற்றம் செய்தும் பயனில்லை.

இங்கேதான் மலை விவசாயிக்கு ஒரு தர்மசங்கடம். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் குறைக்க உருளைக்கிழங்குக்குப் பின் கோசும் கேரட்டும் பூண்டும் மாற்றி வைக்கும்படி சொல்லி வந்திருக்கிறார்கள். அது சரியான யோசனைதான். ஆனால் சுலபமாகப் பணம் வரும் என்று கோசையே திரும்பத் திரும்ப வைத்த நிலங்களில் வேர்வீக்க நோய் குடியேறிவிட்டது. அதற்காகச் சுண்ணாம்பைத் தாராளமாகப் போட்டால் அடுத்து வரும் உருளைக்கிழங்கில் சொறி நோய் அதிகரிக்கும். ஆகையால் நிலத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சுண்ணாம்பு போட்ட பகுதியில் உருளைக்கிழங்கைத் தவிர்த்து பீட்ரூட், பீன்ஸ், பூண்டு என்று போகலாம். உருளைக்கிழங்குக்கு விடும் பகுதியில் கேரட்டையும் பூண்டையும் மாற்றி வைத்து, கோசைத் தொலைவில் நிறுத்தலாம். சின்ன நிலத்தில் இது கஷ்டம் என்பது தெரியும். வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்று. வைரமுதுகு அந்துப்பூச்சியைக் கவர்ந்திழுக்க 25 வரிசை முட்டைக்கோசுக்கு இரண்டு வரிசை கடுகு விதைக்கச் சொல்வார்கள். நல்ல முறை. வேர்வீக்க நோய் உள்ள நிலத்தில் மட்டும் அந்தக் கடுகே நோயைப் பெருக்கிவிடும், அங்கே அதை விட்டுவிடுங்கள்.

நாற்றைப் பொறுத்தவரை, மண் பாத்தியை விட்டுக் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி விதைப்பது பாதுகாப்பு. விலைக்கு வாங்கும் நாற்றாக இருந்தால், கட்டுக்கு இரண்டு நாற்றின் வேரைக் கழுவிப் பார்க்காமல் வாங்காதீர்கள். சிறு நாற்றில் வீக்கம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்பதால், தெரிந்த இடத்து நாற்றே நல்லது.

வேர் நன்றாக இருந்தும் வளர்ச்சி இல்லையே?

வேர் வெண்மையாக, சல்லி சல்லியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்ததாக ஒரு செடியின் தண்டை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் பொந்தாகி உட்சுவர் பழுப்பேறியிருந்தால் போரான் சத்துக் குறைவு என்று சந்தேகிக்கலாம். இலைக் காம்பில் குறுக்கே வெடிப்பு, நுனி இலைகள் தடித்துச் சுருண்டு நொறுங்குவது, குட்டிக்கோசு சிறுத்துப் போவது ஆகியவையும் இதன் அறிகுறிகள். பழுப்பில்லாமல் வெறும் பொந்து மட்டும் இருந்தால், தழைச்சத்து மிகுந்து செடி அவசரமாகத் தடித்ததாலும் இருக்கலாம். மண்ணில் சுண்ணாம்பு போடப் போட, செடிக்குக் கிடைக்கும் போரான் குறைகிறது. எனவே சுண்ணாம்பு போட்டவர்கள் வெண்காரத்தை மறக்கக்கூடாது. ஏக்கருக்கு நான்கு கிலோ, சென்ட்டுக்கு 40 கிராம், மணலில் கலந்து சீராகத் தூவினால் போதும். நிற்கும் பயிருக்கு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிராம் கரைத்துத் தெளிக்கலாம். கூடுதலாகப் போடும் ஆசை வேண்டாம். போரான் மிஞ்சினால் விஷம், அடுத்து வரும் பீன்ஸ் கருகிவிடும்.

இலையின் பரப்பு குறுகி, நடு நரம்பு மட்டும் சாட்டை போல நீண்டிருந்தால் மாலிப்டினம் கிடைக்கவில்லை. இது காலிபிளவரில் அதிகம் தெரியும். புளித்த மண்ணின் கோளாறு இது, பெரும்பாலும் சுண்ணாம்பே சரிசெய்துவிடும். இலையடி ஊதாவானால் மணிச்சத்துக் குறைவு. அதற்கும் புளித்த மண்ணே பல நேரங்களில் காரணம், போட்ட சூப்பர் பாஸ்பேட்டை மண் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்குத் தருவதில்லை. கடுங்குளிரிலும் இலை ஊதாவாகும், அப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கீழ் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம் போதவில்லை. இப்படிப்பட்ட நிலத்துக்குச் சாதாரணச் சுண்ணாம்பைவிட டோலமைட் பொருத்தம்.

செடி உயரமாக வளர்ந்தும் காய் இறுகவில்லையா?

இது வேறு புகார், பதிலும் வேறு. வெப்பத்தைப் பற்றி முன்பே சொன்னேன். அதற்கு அடுத்த குற்றவாளி யூரியா. காய் தோன்றிய பிறகு யூரியா வைத்தால், செடி இலையாகக் கொட்டும், காய் பஞ்சு போலாகும். சென்ட்டுக்கு 100 கிலோ நன்கு மக்கிய தொழு உரமும், போகம் முழுவதற்கும் ஒரு கிலோ, மிஞ்சிப் போனால் ஒன்றேகால் கிலோ யூரியாவும் போதும். அதிலும் கடைசித் தவணை நட்ட 45 நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். சாம்பல்சத்தைக் குறைக்காதீர்கள்.

மண் பொலபொலவென்று இருப்பதும் ஒரு காரணம். கேரட்டுக்கு மண் பொலபொலப்பு வேண்டும், இதற்கோ வேர் இறுகப் பிடித்து நிற்கும் கெட்டியான நிலம் வேண்டும். நட்டவுடன் குதிகாலால் சுற்றிலும் அழுத்தி மிதித்துவிட்டு, ஒரு இலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இலை கிழிய வேண்டும், செடி அசையக் கூடாது. தென்மேற்குப் பருவக் காற்றில் ஆடி ஆடி வேர் அறுந்த செடி, காற்று ஓய்ந்த பிறகும் தேறாது. ஒரு மாதத்தில் மண் அணைப்பதும், காற்று முகமான இடத்தில் குச்சி நட்டுக் கட்டுவதும் அவசியம். இரண்டடிக்கு இரண்டடி இடைவெளி விட்டால் சென்ட்டுக்கு சுமார் 100 செடி வரும். இன்னும் நெருக்கினால் அடிக்காய்கள் வெளிச்சம் இன்றிச் சிறுத்துவிடும்.

நுனி கிள்ளுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அடிக்காய்கள் அரை அங்குலப் பருமன் வந்த பிறகு உச்சிக் குருத்தைக் கிள்ளினால், மேல் காய்களும் ஒரே சமயத்தில் திரளும். மொத்தமாக அறுத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புபவர்களுக்கு இது வசதி. வீட்டுக்கு வைத்தவர்கள் கிள்ளாமலே அடியிலிருந்து மேலாகப் பத்து நாளுக்கொரு முறை பறித்து வரலாம். காய் வரும் முன்பே கிள்ளிவிட்டு, செடி நின்றுவிட்டதே என்று வருந்துபவர்கள் உண்டு. அதேபோல வெளிச்சம் படட்டும் என்று பச்சை இலைகளையெல்லாம் ஒடித்து விடுவதும் தவறு. மஞ்சளான அடியிலையை மட்டும் நீக்குங்கள். காய்க்குச் சோறு போடுவது அதனதன் கீழே உள்ள இலைதான்.

பூச்சிகளில் சாம்பல் நிற அசுவினியை மட்டும் இங்கே சொல்கிறேன். அது குருத்திலும் காயின் இதழ்களுக்கு உள்ளேயும் புகுந்துவிட்டால் பிறகு எந்த மருந்தும் எட்டாது, சமையலுக்கும் ஆகாது. வாரம் இருமுறை குருத்தைப் பிரித்துப் பார்த்து, ஆரம்பக் கூட்டத்தை விரலால் நசுக்கி, வேப்பெண்ணெய்க் கரைசலும் சோப்பும் கலந்து இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். நாற்பது செடிக்கு இது பத்து நிமிஷ வேலை.

அந்த விவசாயி மூன்றாம் தடவை யூரியா போடவில்லை. பதினெட்டுச் செடிகளைத் தோண்டி எரித்தார், மீதிக்கு மண் அணைத்தார். முட்டைக்கோசு நாற்று முழுவதையும் அழித்துவிட்டார், அதில் அவருக்கு நஷ்டம்தான். கீழ் வயல் மண்ணை ஐந்து டப்பாக்களில் எடுத்துக் கடுகு விதைத்தோம். ஆறு வாரம் கழித்து நான்கு டப்பாக்களில் வேர் சுத்தமாக இருந்தது. வீட்டுத் தோட்டத்துத் தண்ணீர் இறங்கும் மூலையின் மண்ணில் மட்டும் கடுகு வேர் தடித்திருந்தது. அந்த மூலையைச் சுற்றி வடிகால் வெட்டி, தண்ணீர் மற்ற பாத்திகளுக்குள் போகாமல் பாதை ஓரமாகத் திருப்பிவிட்டார். அங்கே பூண்டு வைத்தார். மற்றப் பகுதியிலும் அந்தப் போகத்தில் கோசு வேண்டாம் என்று பீன்ஸ் போட்டார்.

நாற்று வாங்கிய மூன்று வீட்டாரிடமும் அவரே போய் விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேர் செடிகளைத் தோண்டிப் பார்த்து எடுத்துவிட்டார்கள். மூன்றாமவர், செடி பச்சையாகத்தானே இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அவருடைய தோட்டம் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து வரும் தண்ணீர் நான்கு பேருடைய வயல்களைத் தாண்டித்தான் ஓடைக்குப் போகிறது.